வழுவமைதி

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் எங்களிடமிருந்து 63 சொற்கள் காணாமற் போயின. அவற்றைத் தேடப் புகுந்த கதை இது. இலக்கியம் விழையும் வாசகர்க்குக் கணினித்துறைச் சங்கதி எதற்கு என்று தோன்றலாம். போனவை சொற்கள் ஆதலால் இங்கே சொல்வதில் பிழையில்லை என்று கருதுகிறோம்.

எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே மாடியில் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது வெகுகாலம் ஒரு குடிநீர்த் தொட்டி மட்டுமே. அந்தத் தொட்டியடிப் பேச்சில் பிறந்ததுதான் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டும் கைபேசிச் செயலி. மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பெரியவர்களிடம் பேச வேண்டும்; ஒரு சொல் அகப்பட்டால் அதைத் தட்டச்சிட்டு, பொருளை எழுதி, சொன்னவரின் குரலையும் பதிந்து, ஊர்ப்பெயரைச் சேர்த்து அனுப்ப வேண்டும். கல்லூரியில் உள்ள சர்வர் அதனை வாங்கி வைத்துக்கொள்ளும். காகிதத்தில் எழுதி, பின்னர் படியெடுத்து, இடையில் பாதி தொலைத்து நாங்கள் பட்ட பாடு இதனால் தீரும் என்று நம்பினோம்.

'நாங்கள்' என்பது ஆறு பேர். கணினித்துறை ஆசிரியை ஒருவர், மூன்றாமாண்டு மாணவர் மூவர், மாணவி ஒருவர், தமிழ் கற்பிக்கும் ஒருவர். இதை எழுதுவதும் அந்த ஆறாமவரே. தன்மை ஒருமையில் எழுதினால் பிறர் உழைப்பிலும் தாமே நுழைந்துவிடும் வழக்கம் அவருக்கு உண்டு என்பதால், 'நாங்கள்' என்றே எழுதும்படி மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

மாணவர் மூவரில் ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டுப் பக்கம் சென்றார். செம்மணல் மேடுகளும் பனையுமாக விரிந்து கிடக்கும் நிலம் அது. உடன்குடிக் கருப்பட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அந்தப் பக்கம் பரிச்சயமாக இருக்கும். பதநீர் காய்ச்சும் விடிலியில் ஒரு மூதாட்டியைச் சந்தித்து, நாள் முழுக்க உடனிருந்து, 63 சொற்களைப் பதிந்ததாக அவர் திரும்பி வந்து சொன்னார். சர்வரைத் திறந்து பார்த்தோம். அவர் பெயரில் ஒரு சொல் கூட இல்லை. அவருடைய கைபேசியையும் பார்த்தோம். அதிலும் இல்லை.

"நான் போனேன் ஐயா. பாட்டி கருப்பட்டி கூடக் குடுத்து விட்டாங்க" என்று தன் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார் அந்தத் தம்பி.

"கருப்பட்டி கடையிலும் கிடைக்கும்" என்றார் எங்களுள் தமிழ் கற்பிப்பவர்.

அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறும் வழி இருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. தம்பி பதிலேதும் சொல்லவில்லை. மறுநாள் முதல் குழுவின் கூட்டங்களுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார்.

கணினித்துறை ஆசிரியைதான் அன்று கடிந்துகொண்டார். "சார், செயலி உள்ளே என்ன நடந்ததுன்னு நமக்கே தெரியாது. லாக் எழுதவே இல்லை. அது இல்லாம யாரையும் குத்தம் சொல்ல முடியாது." செயலி வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் கண்டதோடு நாங்கள் திருப்தி அடைந்திருந்தோம். அது ஒவ்வொரு கணமும் என்ன செய்தது, எதை முயன்றது, எங்கே தடுக்கி விழுந்தது என்று தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் வசதியை நாங்கள் அமைத்திருக்கவில்லை. சேர்ப்பது என்று அன்றே முடிவாயிற்று.

முதல் கூட்டம் முழுவதும், எதிர்பார்க்கத்தக்கபடி, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதிலேயே கழிந்தது. இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்று 'மரக்கட்டை' என்றது. இன்னொன்று கணக்குப் பாடத்திலிருந்து 'மடக்கை'யைக் கொண்டுவந்து போட்டது. சிரித்தோம். பின்னர் ஆசிரியை சொன்னார், மரக்கட்டை என்பது அத்தனை பிழையன்று என்று. பழைய ஐரோப்பிய மாலுமிகள் கயிற்றில் கட்டிய ஒரு மரக்கட்டையைக் கடலில் எறிவார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கைவிட்டுப் போயிற்று என்று எண்ணினால் கப்பலின் வேகம் தெரிந்துவிடும். அதை எழுதிவைத்த ஏட்டுக்குக் கட்டையின் பெயரே ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து அந்தச் சொல் கணினிக்குள் வந்து சேர்ந்தது. விக்கிப்பீடியாத் தமிழர்கள் ஏற்கெனவே 'பதிகை' என்று வழங்கி வருகிறார்கள். எங்களுக்கும் அது பிடித்திருந்தது. ஆனாலும் பேச்சில் 'லாக்' என்றேதான் சொன்னோம், மறைப்பானேன்.

பதிகையும் பிழையும் கணினியுலகில் கூடப் பிறந்தவை. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அங்கு பணியாற்றியோர் அதனை எடுத்து, அன்றைய பதிவேட்டின் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார்கள். வழுவைப் பூச்சி என்று சொல்லும் ஆங்கில வழக்கு அதற்கும் முந்தியது. ஆகவேதான் அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்த ஏடு பூச்சியோடு அமெரிக்க ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. தமிழில் நாம் அதற்கு 'வழு' என்கிறோம். தொல்காப்பியம் கற்ற எவருக்கும் இச்சொல் நெருக்கமானது. வழு, வழாநிலை, வழுவமைதி. பிழையாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. மாணவர்களுக்கு இதை விளக்கியபோது ஒருவர், "அமைதின்னா சத்தம் போடாம இருக்கிறதாய்யா?" என்று கேட்டார். இல்லை, அமைத்துக்கொள்ளுதல் என்று திருத்தினோம். அவர் கேட்டதே சரியாகப் போகிறது என்பது அப்போது தெரியவில்லை.

வேலை தொடங்கியது. ஆன்ட்ராய்டு இயங்குதளத்திற்கென்றே 'லாக்கேட்' என்றொரு பதிகை உண்டு. கம்பியால் கணினியோடு இணைத்தால் கைபேசியின் உள்பேச்செல்லாம் திரையில் ஓடும். ஆனால் அது வட்டமாகச் சுழலும் நினைவகம். புதியது வர வரப் பழையது அழியும். தேரிக்காட்டில் நடந்ததைக் கல்லூரி மேசையில் வந்து படிக்க அது உதவாது. எனவே செயலி தன் சொந்தச் சேமிப்பிடத்தில் ஒரு கோப்பில் எழுத வேண்டும். கோப்பு குறித்த அளவை எட்டினால் அடுத்ததைத் தொடங்கி, மிகப் பழையதை நீக்க வேண்டும் என்று வகுத்தோம்.

ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொண்டோம். முதல் வாரத்தின் முடிவில் கோப்பைத் திறந்தபோது அது ஆளுக்கொரு நடையில் எழுதப்பட்டிருந்தது. ஒருவர் 'வந்தாச்சு', 'இங்கேயும் வந்தாச்சு', 'போயிடுச்சு' என்று எழுதியிருந்தார். யார் வந்தது, எங்கே போயிற்று என்பது அவருக்கே மறுநாள் புரியவில்லை. இன்னொருவர் விரல் திரையில் பட்ட ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதச் செய்திருந்தார். ஒரு சொல்லைச் சேர்ப்பதற்குள் நூற்றுக்கணக்கான வரிகள். இந்தக் குப்பைக்குள் வழு ஒளிந்துகொண்டால் அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பதிகை தேவைப்படும் என்று ஆசிரியை சொன்னார்.

இவ்விடத்தில்தான் தமிழ் கற்பிப்பவரால் சிறிது பயன் விளைந்தது. அவர் கல்வெட்டைக் கொண்டுவந்தார். உத்திரமேரூரில் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டிய எழுத்துகள் எப்படித் தொடங்குகின்றன? அரசன் யார், அவனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர்ச் சபை என்று சொல்லிவிட்டே செய்தி. கல்வெட்டுகள் பலவற்றின் கடைசியில் எழுதியவர் பெயரும் இருக்கும். ஆயிரம் ஆண்டுக்குப் பின்னர் படிக்கிற ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஆளிருக்காது என்று அறிந்து எழுதிய எழுத்து அது. எங்கள் பதிகை வரியும் அப்படியே அமைந்தது: காலம், தரம், செயலியின் எந்தப் பகுதி, என்ன நிகழ்ந்தது, என்ன விளைந்தது. தரத்தில் ஆன்ட்ராய்டின் ஐந்தையே வைத்துக்கொண்டோம். விரிவு, வழுத்தேடல், செய்தி, எச்சரிக்கை, பிழை. ஊருக்குப் போகும் கைபேசிகளில் முதலிரண்டும் எழுதப்படக் கூடாது. எவரும் தன் விருப்பப்படி எழுதக் கூடாது. எல்லாரும் ஒரே செயற்கூறு வழியாகவே எழுத வேண்டும்.

எது எச்சரிக்கை, எது பிழை என்பதில் இரண்டு மாலைகள் சண்டை நடந்தது. வலையிணைப்பு இல்லாமற் போவது பிழையா? ஊர்ப்புறத்தில் அது இயற்கையாயிற்றே என்றார் ஒருவர். இணைப்பு இல்லாதது எச்சரிக்கை, அதனால் சொல் தொலைந்தால் பிழை என்று முடிவானது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்ததும் இருக்கும், சந்தை விலையும் இருக்கும், காற்றுவாக்கில் காதில் விழுந்த வதந்தியும் இருக்கும். எல்லாம் ஒரே நிரலில். வரலாற்று ஆசிரியர்களுக்கு அது விருந்து. வழு தேடுபவர்களுக்கு ஆகாது.

மாணவி எழுப்பிய ஒரு கேள்வியைத் தனியே சொல்ல வேண்டும். பதிகையில் சேர்க்கப்படும் சொல்லையும், சொன்னவரின் பெயரையும், அவர் கைபேசி எண்ணையும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தோம். தேடுவதற்கு வசதியாக இருக்கும் என்றுதான். "எங்க ஆச்சி பேசுறப்போ பக்கத்து வீட்டு வட்டிக்காரரையும் சேர்த்துத் திட்டுவாங்க. அதெல்லாம் இந்தக் கோப்புல போய் உக்காரணுமா மேம்? கோப்பு யார் யார் கைக்குப் போகும்?" என்றார் அவர். எவரிடமும் விடையில்லை. சொல் திரட்டுவதற்குத்தான் அந்தப் பெரியவர்கள் இசைந்தார்களே தவிர, எங்கள் வழுத்தேடலுக்கு அல்ல. பெயர், எண், சொல், குரல் எதுவும் பதிகையில் வரக்கூடாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் மட்டும் போதும் என்று மாற்றினோம். கோப்பை அனுப்புவதும் கைபேசிக்காரர் தாமே பொத்தானை அழுத்தினால்தான். இதனால் வேலை ஒரு வாரம் பின்தங்கியது. எங்களில் எவருக்கும் அதில் வருத்தமில்லை.

புதிய செயலியோடு இரண்டு மாணவர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். வந்த முதல் கோப்பிலேயே எங்களுள் தமிழ் கற்பிப்பவர் மறுபடி தம் குணத்தைக் காட்டினார். ஒரு வரி அதிகாலை 4.40 என்றது. "விடியுமுன் எந்தப் பாட்டி உன்னிடம் பேசினார்?" என்று அவர் வாயெடுத்த வேளையில் ஆசிரியை குறுக்கிட்டார். செயலி உலகப் பொது நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது; ஐந்தரை மணி கூட்டினால் காலை 10.10. எழுதியது உண்மைதான், படித்தவர்தான் தம் நினைப்பை அதில் ஏற்றிப் படித்தார். அதன் பின்னர் ஒவ்வொரு வரியிலும் நேர வேறுபாட்டையும் சேர்த்தே எழுதினோம்.

இரண்டாவது கோப்பு பெரியது. தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட சிக்கல் ஒன்று அதில் வெளிப்பட்டது. 'கொட்டான்' என்ற சொல் சேர்ந்திருந்தும் தேடினால் அகப்படவில்லை. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறுகிறது. திரையில் இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கு வேறு வேறு. எழுத்துகளை எண்களாக எழுதச் செய்த பிறகே பதிகையில் வேற்றுமை தெரிந்தது. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் அது தீர்ந்தது. ஆனால் 63 சொற்கள் தொலைந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

தொடர்புடையது பத்து நாள் கழித்து, கல்லூரியிலேயே கிடைத்தது. இதுவரை எல்லாச் சோதனையையும் நாங்கள் வளாகத்து வைஃபையில்தான் செய்திருந்தோம். மாணவி ஒரு மாலை கைபேசியை விமானநிலைக்கு மாற்றிவிட்டு ஒரு சொல்லைச் சேர்த்தார். பதிகையில் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: அனுப்பத் தொடங்கியது, சர்வர் ஏற்றது, கைபேசியில் உள்ள படி நீக்கப்பட்டது. வந்தவை இரண்டே. தொடங்கியது, நீக்கப்பட்டது. நடுவரி இல்லை.

நிரலைத் திறந்தோம். சொல்லை அனுப்ப முயலும் இடத்தில், முயற்சி தோற்றால் என்ன செய்வது என்று எழுதவேண்டிய அடைப்புக்குறிகளுக்குள் ஒன்றுமே இல்லை. வெற்றிடம். தோல்வி அதற்குள் விழுந்து ஓசையின்றி மறைந்தது. அடுத்த வரி, எல்லாம் நலமே என்ற நினைப்பில், கைபேசியின் படியை அழித்தது. தேரிக்காட்டில் இணைப்பு இல்லை. தம்பி ஒவ்வொரு சொல்லாகச் சேர்க்கச் சேர்க்க, செயலி ஒவ்வொன்றாக அனுப்ப முயன்று, தோற்று, அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது, 63 முறை. ஒருமுறையேனும் அது வாய்திறந்திருந்தால் அவர் காகிதத்தில் எழுதியிருப்பார்.

"இது நான் மாத்தினதுதான் மேம்" என்றார் மாணவி. குரல் கம்மியிருந்தது.

நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்பதைக் 'கிட்' என்னும் ஏற்பாடு தானே எழுதிவைக்கும். அதுவும் ஒரு பதிகைதான். அதை நாங்கள் பார்க்கவே இல்லை. அந்த மாற்றம் மாசி மாதத்து இரவொன்றில் நிகழ்ந்திருந்தது. முன்னர் அவ்விடத்தில் இரண்டு வரிகள் இருந்திருக்கின்றன: பிழைச்செய்தியைத் திரையில் காட்டு, மேலே போகாமல் அத்துடன் திரும்பு. இரண்டும் நீக்கப்பட்டிருந்தன. மாற்றியதற்கான காரணக் குறிப்பு கீழே இருந்தது. 'தமிழ் ஐயா கூறியபடி ஆங்கிலப் பிழைச்செய்திகள் நீக்கப்பட்டன.'

அறையில் எவரும் பேசவில்லை. ஆம், அவர் கூறியதுண்டு. சோதனையின்போது ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை பெட்டி கட்டி வந்து நின்றதைக் கண்டு, "ஊர்ப் பெரியவர்கள் இதைப் பார்த்தால் மிரள்வார்கள். திரையில் பிழை என்ற பேச்சே வரக்கூடாது" என்று அவர் கட்டளையிட்டார். தமிழில் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாணவியால் ஆசிரியரின் கட்டளையை எதிர்த்துக் கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரியாததன்று. இருபது ஆண்டாக அதன் சுகத்தை அனுபவித்து வருபவர்தானே. வழுவை அமைதியாக்கச் சொன்னவரும், அதனால் சொல்லிழந்து வந்தவனைப் பொய்யன் என்றவரும் ஒருவரே. கட்டுரையின் மற்ற இடங்களில் 'நாங்கள்' என்று எழுதியது பொருந்தும். இந்தப் பத்தியில் அந்தப் பன்மைக்குள் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

அன்று மாலையே தம்பியின் விடுதி அறைக்குச் சென்றோம், அறுவரில் ஐவரும். நடந்ததைச் சொன்னபோது அவர் கட்டிலில் இருந்து எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை ஐயா" என்று நான்கைந்து முறை சொன்னார். அதைவிடத் திட்டியிருக்கலாம். சற்று நேரம் கழித்து, "அப்போ இனி சேமிக்குமா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனி மாதத்தில், பதநீர் ஓய்வதற்குள், அவரும் தமிழ் கற்பிப்பவரும் மாணவியும் அதே விடிலிக்குப் போனார்கள். அடுப்பில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. "ஏ தம்பி, அன்னைக்கு வந்த பிள்ளைல்லா நீ? அம்புட்டையும் அன்னைக்கே சொன்னம்லா" என்றார் பாட்டி. எல்லாம் தொலைந்துவிட்டன என்று சொல்லத் தம்பிக்கு நா எழவில்லை, மாணவிதான் சொன்னார். பாட்டி சிரித்தார். பின்னர் துடுப்பை விடாமல் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். தளைநார், முருக்குத்தடி, கூப்பனி என்று வந்தது. அடுத்தடுத்த வீடுகளில் யார் யார் பனையேறினார்கள், யார் விழுந்தார்கள் என்ற கதைகளும் இடையே வந்தன. மாலைக்குள் 41 சொற்கள். முதல் நாள் சொன்னவற்றில் எவை இவற்றுள் இருக்கின்றன, எவை இல்லை என்று பிரித்தறிய வழியில்லை. பொங்கி வரும் நுரை அடங்கும் பதத்துக்குப் பாட்டி அன்று ஒரு சொல் சொன்னதாகத் தம்பிக்கு நினைவு. சொல் நினைவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். "நானா சொன்னேன்? அது நுரை அடங்கிட்டுன்னுதான் சொல்லுவோம்" என்றார் பாட்டி.

தம்பி ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னர் பதிகையைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அதே வரி, இப்போது தமிழில்: 'எச்சரிக்கை. இணைப்பு இல்லை. அனுப்பப்படவில்லை. படி கைபேசியில் உள்ளது.'

புறப்படும்போது பாட்டி ஓலைக் கொட்டான் ஒன்றில் கருப்பட்டி வைத்து நீட்டினார். தமிழ் கற்பிப்பவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.